கோணல் ரோஜா

"இந்த வயசுல உங்கம்மாவுக்கு எதுக்குங்க எம்ப்ராய்டரி?"

பிரவீனா கேட்டதும் தனபால் சிரித்தான். "ஆசைப்படுது. சொல்லிக்குடேன். உனக்கென்ன கொறஞ்சு போச்சு?"

நேரம்தான் குறைந்து போகிறது என்று பிரவீனா முணுமுணுத்தாள். சேந்தமங்கலத்தில் கல்யாண ஜாக்கெட்டுக்குக் கைவேலை என்றால் அவள்தான். விடிந்தால் ஊசியும் நூலுமாக உட்காருகிறவளுக்கு, மாமியாருக்கு வகுப்பெடுக்க ஏது பொழுது?

செல்லாயி விடுவதாக இல்லை. மாட்டைக் கறந்துவிட்டு, குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் போய் வந்து, கையைக் கழுவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிடுவாள்.

"எல்லாம் வேண்டாஞ் சாமி. அந்த உருண்ட ரோசாப்பூ ஒண்ணு மட்டும் சொல்லிக்குடு."

"அது புல்லியன் தையலுங்க அத்தை. எடுத்ததும் வராதுங்க. முதல்ல சங்கிலித் தையல் பழகுங்க."

"எனக்கு அதுதான் வேணும்."

காய்ப்பேறிய விரலில் நூல் சிக்கிச் சிக்கி நின்றது. பிரவீனாவுக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஒருநாள் மாமியார் அரக்குப் பட்டுத் துணி ஒன்றை முந்தானையில் மறைத்து எடுத்துப் போவதைப் பார்க்கிற வரைக்கும்.

"யாருக்குங்க அத்தை அது?"

"அட, சும்மா கெடக்கட்டும்."

பிரவீனாவுக்குப் புரிந்துவிட்டது. நாத்தனார் மோகனப்பிரியா கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டியிருக்கிறாள். கிரகப்பிரவேசம் வருகிறது.

"மகளுக்குன்னா ஊசி பிடிக்கத் தோணுது பாருங்க. நானும் இந்த ஊட்டுக்குத்தானே வாக்கப்பட்டு வந்தேன்?" என்று தனபாலிடம் பொரிந்தாள்.

மறுநாள் செல்லாயி தான் பழகுகிற துண்டுத் துணியை நீட்டினாள். "ஊசியில நூலச் சுத்துறேன். இழுத்தா தொளதொளன்னு பிரிஞ்சு போகுது. ஏஞ் சாமி?"

சுற்றிய நூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை இழுக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். பிரவீனாவுக்கு அது நாக்கு நுனி வரை வந்தது.

"பழகப் பழக வந்துருமுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கக் குனிந்துகொண்டாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் செல்லாயி ஒரு பையோடு வந்து நின்றாள். "கோணலாத்தான் வந்துருக்குது. சிரிக்கப்படாது."

பிரவீனா பிரித்துப் பார்த்தாள். தைத்து முடித்த அரக்கு ஜாக்கெட். இரண்டு கையிலும் ரோஜாக்கள். ஒன்று முட்டைக்கோஸ் மாதிரி, ஒன்று அவிழ்ந்த கொண்டை மாதிரி.

"பிரியாவுக்கு அளவு சரியா இருக்குமுங்களா?" என்றாள் பட்டும் படாமல்.

"அவளுக்கா? அவ கடையில வாங்கி மாட்டிக்குவா. இது உனக்கு. உன்ற பழைய ஜாக்கெட்ட அளவுக்குக் குடுத்து டவுன்ல தெச்சு வாங்குனேன்."

பிரவீனா நிமிர்ந்தாள்.

"ஊருக்கே பூப் போட்டுத் தர்றே. விசேசத்துக்கு மட்டும் மொட்டை ஜாக்கெட்டோட வந்து நிக்கறே. கேட்டா, உனக்குப் போட்டுக்க நேரமில்லீங்கறே. வேற யாராச்சும் போட்டாத்தானே உண்டு? சொன்னா வேண்டாம்பே. அதான் சொல்லுல."

பிரவீனா கோணல் ரோஜா ஒன்றை விரலால் தடவினாள்.

"நாளைக்கு இதையப் போடாத சாமி. நாலு பேரு பாத்தா உன்ற தொழிலுக்குக் கொறச்சல். ஊட்டுக்குள்ள போட்டுக்க, போதும்."

மறுநாள் புது வீட்டில் கூட்டம். டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் பிரவீனாவைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"நீங்கதான் கைவேலை செய்யற பிரவீனாவா? எம்பொண்ணு கல்யாண ஜாக்கெட் எல்லாம் உங்ககிட்டதான் குடுக்கணும்னு பிரியா சொன்னா..." பேசிக்கொண்டே வந்தவளின் கண் பிரவீனா போட்டிருந்த அரக்கு ஜாக்கெட்டின் கையில் போய் நின்றது. முகம் மாறியது. "என்னங்க இது, பூவெல்லாம் இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது?"

பக்கத்தில் நின்ற செல்லாயி தலையைக் குனிந்தபடி மெல்ல நழுவப் பார்த்தாள்.

பிரவீனா அவள் கையை எட்டிப் பிடித்து இழுத்துத் தன் தோளோடு சேர்த்து நிறுத்திக்கொண்டாள்.

"பூப் போட்டது எங்க அத்தைங்க. கோணல் மட்டும் என்னோடதுங்க."