அப்பாவுக்கும் அனுமதி இல்லை

அப்பாவே வந்து சண்டை போடுவார் என்று சுஹைனி கனவில்கூட நினைக்கவில்லை.

இந்தோனேசியாவின் லபுவான் பாஜோ துறைமுக அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. சுற்றுலாப் படகுகள் தீவுகளுக்குக் கிளம்பும் முன் காற்று, மழை, அலை எல்லாவற்றையும் பார்த்து அனுமதித் தாளில் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. இன்றைக்கு யாருக்கும் போடுவதில்லை என்று விடிகாலையிலேயே அறிவித்துவிட்டாள். படார் தீவுக்குத் தெற்கே மூன்று மீட்டர் அலை எழும் என்று வானிலை மையம் சொல்லியிருந்தது. அந்த அலையில் மரப்படகு என்னவாகும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படகுக்காரர் வீட்டுப் பெண்.

ஆனால் இது புத்தாண்டு நேரம். ஊர் கொள்ளாத கூட்டம். போதாக்குறைக்குத் துறைமுகத்துக்குள் தண்ணீர் தட்டில் ஊற்றிவைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. சுற்றிலும் தீவுகள் மறைத்துக்கொண்டு நிற்கிற ஊர், வெளியே கடல் என்ன ஆட்டம் ஆடினாலும் உள்ளே தெரியாது. படகுக்காரர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? நன்றாகவே தெரியும். ஆனால் பெட்டியும் கையுமாக வந்து நிற்கிற பயணிகளுக்கு யார் பதில் சொல்வது?

அலுவலகம் திறந்ததுமே ஜன்னல் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. கெஞ்சினார்கள், வெளியே கடலைக் காட்டினார்கள், மேலதிகாரியைக் கூப்பிடு என்றார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டது.

மூன்று படகுக்குச் சொந்தக்காரரான பெனெடிக்டஸ் அவள் காதில் விழும்படியே பேசினார். நமக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம், பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அவள் அப்பன் படகு மட்டும் ஜம்மென்று கிளம்பிப் போகும் என்றார். நாலு பேர் சிரித்தார்கள். சுஹைனிக்குச் சுருக்கென்றது. எங்கப்பா அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

நல்லவேளை, சொல்லவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அப்பா பஹருதீன் ஜன்னலுக்கு வந்துவிட்டார். வரிசையாவது ஒன்றாவது.

"சுரபாயாலேருந்து வந்த பதினாலு பேரும் படகுல ஏறி உக்காந்தாச்சு. போடு கையெழுத்த."

"இன்னிக்கு யாருக்கும் அனுமதி இல்லைங்க."

"யாருக்குமா? நான் உனக்கு யாரு?"

பெனெடிக்டஸ் எக்கி எக்கிப் பார்த்தார். சுஹைனிக்கு முகமெல்லாம் எரிந்தது.

"இங்க நீங்க ஒரு படகு ஓனர். அவ்வளவுதான்."

"அந்தப் படகுதான் உன்னப் படிக்க வச்சுது. மறந்துபோச்சா?"

இவ்வளவு பேர் முன்னால் இதைச் சொல்லிக்காட்ட அப்பாவுக்கு எப்படி மனசு வந்தது? அவள் அனுமதித் தாள்களை அடுக்கி மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"மறக்கலப்பா. ஆனா அனுமதி கிடையாது. தள்ளி நில்லுங்க, அடுத்தவங்க வரட்டும்."

அவர் ஜன்னல் பலகையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு என்று ஊருக்கே கேட்கும்படி ஏதோ கத்திவிட்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

அடுத்தவர் யாரும் வரவில்லை. பெனெடிக்டஸ் தன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகினார்.

"சொந்த அப்பனுக்கே இல்லையாம், நமக்கா குடுக்கப்போவுது? வாங்கப்பா, பயணிங்களுக்கு வேற வழி பாப்போம்."

கூட்டம் கலைந்தது. அன்றைக்கு ஒரு படகுகூடக் கிளம்பவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவள் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கழிவறைக்குள் போய் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஊர்க்காரன் பேசினால் தாங்கிக்கொள்ளலாம். அப்பாவா இப்படி?

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற கோபத்தோடுதான் சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். வாசல் கொள்ளாமல் செருப்புகள். உள்ளே யார் யாரோ பாயில் உட்கார்ந்து சோறும் சுட்ட மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா மிளகாய்ச் சம்பால் கிண்ணத்தோடு வெளியே வந்தாள்.

"யாரும்மா இவங்கல்லாம்?"

"அப்பாவோட பயணிங்க. ஓட்டல்ல எடமில்லைன்னு நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாரு."

"எப்ப? நான் முடியாதுன்னு சொன்ன பிறகா?"

"நீ சொன்ன பிறகு என்ன? விடியக்காலைல உன் அறிவிப்பு போன்ல வந்துச்சே, அப்பவே. படகுல யாரும் கால்கூட வைக்கல. காலைச் சாப்பாடே இங்கதான். அவங்களுக்கு டீ குடுத்துட்டு, அப்புறம்தான் உன் ஆபீசுக்குக் கிளம்பினாரு."

சுஹைனி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்ப எதுக்கும்மா அங்க வந்து அந்தக் கூத்து?"

"அப்பன் படகுக்குக் கையெழுத்துப் போட்டுத்தானே ஆகணும், அத வச்சு நாமளும் வாங்கிடலாம்னு அந்த பெனெடிக்டஸ் ஆள் சேத்துட்டிருந்தானாம். எல்லாருமாச் சேந்து புள்ளைய உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க, நானே போயி எல்லார் முன்னாடியும் 'முடியாது'ன்னு வாங்கிட்டு வந்துட்டா அப்புறம் ஒருத்தனும் வாயத் திறக்கமாட்டான்னு சொல்லிட்டுத்தான் உங்கப்பா போனாரு."

சுஹைனி உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பா ஒவ்வொருவர் தட்டிலும் மீன் வைத்துக்கொண்டே, எத்தனையாவது தடவையோ, அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெத்தவன்னுகூடப் பாக்கலைங்க. அத்தன பேர் முன்னாடி, தள்ளி நில்லுங்கன்னுட்டா என் பொண்ணு."