அடைக்கு வைத்த முட்டை

"குஞ்சு எப்ப பொரிக்கும் கொழுந்தனாரே?"

சின்னத்தாய் அடுப்படி வாசலில் உட்கார்ந்தபடி கேட்டாள். முனியராஜின் அண்ணன் மனைவி. பக்கத்து வீடு. முட்டைகளும் அவள் வீட்டுக் கோழி போட்டவைதான்.

முனியராஜ் ஓவனின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே மூன்று எவர்சில்வர் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் எண்ணெய் தடவி, வதங்குவதற்கென்று பொடிசாக நறுக்கிய வெங்காயமும் தக்காளியும் பரப்பி, வத்தல் தூள் தூவி, மேலே முட்டையை உடைத்து ஊற்றியிருந்தான். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் அவை அசையாமல் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகார நேரம் போய்விட்டது. மதியச் சோற்றுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"இவுகளுக்கு இப்பல்லாம் கரண்ட்டுல வெந்தாத்தான்க்கா தொண்டையில எறங்குது" என்றாள் அவன் மனைவி பானுப்பிரியா. "ஆமத்தூர்ல பொறந்த ஆளு மாதிரியா இருக்காக?"

சின்னத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பேசாம நான் ரெண்டு ஆம்லேட் போட்டுத் தாரேன்" என்று எழுந்து கேஸ் அடுப்பின் பக்கம் போனாள்.

பானுப்பிரியா குறுக்கே வந்து நின்றாள்.

"ஒக்காருங்கக்கா. இவுக சமைக்கிற ஒரு நாள்தான் எனக்கு லீவு. அதையும் கெடுத்துப்புடாதீக."

ஓவன் மணி அடித்தது. முனியராஜ் துண்டை மடித்துப் பிடித்துக் கிண்ணங்களை வெளியே எடுத்தான். வெள்ளைக்கரு ஓரத்தில் பொன்னிறமாகி உப்பியிருந்தது. மஞ்சள்கரு நடுவில் தளதளவென்று நின்றது. மிளகுத்தூள் தூவி நீட்டினான்.

சின்னத்தாய் ஒரு கரண்டி வாயில் போட்டாள். ஊதினாள். இன்னொரு கரண்டி போட்டாள். கேலி நின்றுபோயிற்று.

கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, "என் கோழி நல்ல கோழி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் பானுப்பிரியா எழுந்தாள்.

"டீ போடப் போறேன்."

எப்போதும் சொல்வதுதான். சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். அவன் எழுந்து தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரை போவான். இரும்புக் கேட் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகே லைட்டரைக் கையில் எடுப்பாள்.

போன தீபாவளி சீசனில் அவன் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. தண்ணீர் குடிக்க அப்போதுதான் வெளியே வந்திருந்தான். அவனோடு உட்கார்ந்து மருந்து அடைத்தவர்கள் யாரும் வரவில்லை. அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இருக்கன்குடிக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டார்கள். அவன் அச்சாபீஸ் வேலைக்கு மாறிக்கொண்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரே சொன்னது.

அன்றிலிருந்து அவனால் ஒரு தீக்குச்சி எரிவதைக்கூடப் பார்க்க முடியவில்லை. அது பானுப்பிரியாவுக்கு மட்டும்தான் தெரியும். ஓவனை வாங்கி வைத்தவளும் அவள்தான். கேட்டவர்களிடமெல்லாம், வீட்டுக்காரருக்கு ருசி கேட்டு நாக்கு நீண்டுவிட்டது என்று சொல்லி வைத்தாள்.

இன்றும் அவன் எழுந்து போனான்.

அவள் காத்திருந்தாள். கேட் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அவன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். கதவு நிலையை இறுக்கிப் பிடித்திருந்தான். முகம் அடுப்பைப் பார்த்து இருந்தது.

"பத்த வையி" என்றான்.

லைட்டர் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாவது தரம் நீலமாகப் பிடித்துக்கொண்டது.

அவள் பால் சட்டியை ஏற்றினாள். அதற்குப் பிறகு அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏங்க, அங்கன நின்னு வெளிச்சத்த மறைக்காதீக" என்றாள்.

அவன் நகரவில்லை.