சாவிக்குச் சாவி

பிள்ளைகளுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று அவள் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருடம் ஆயிற்று. ரயிலுக்குக் கட்டுப்படியாகும், சாப்பாட்டுக்கும் எப்படியோ சமாளித்துவிடலாம். தங்குமிடம் என்று வரும்போதுதான் நாக்குத் தள்ளும்.

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. அங்கே கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவர்கள்கூடப் பேசாமல் இருப்பதில்லை. அப்படித்தான் ஒருநாள் வீடு மாற்றிக்கொள்கிற சங்கதி காதில் விழுந்தது. மூன்று நாள் அவர்கள் நம் வீட்டில், நாம் அவர்கள் வீட்டில். காலணா வாடகை கிடையாது. அதற்கென்றே செல்போனில் ஒரு குழு இருந்தது.

அன்று மாலையே வீட்டைப் படம் பிடித்துப் போட்டாள். பத்தே நிமிடத்தில் நகரத்திலிருந்து ஒரு குடும்பம் பதில் எழுதிவிட்டது. மூன்று அறை ஃப்ளாட். நடக்கிற தூரத்தில் மிருகக்காட்சிசாலை. ‘உங்கள் வீடு எங்களுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. எப்போது வருகிறீர்கள்?’

அவள் கணவன் வேன் டிரைவர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற கம்பெனி. அவனுக்கு இது நாலாவது கம்பெனி. விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

“முன்னப்பின்ன தெரியாதவங்க கையில வீட்டைக் குடுக்கிறதா? அவங்களுக்கு நம்ம ஊர்ல என்ன வேலையாம்?”

“காத்து வாங்க வர்றாங்களாம்.”

“காத்தை மட்டும்தான் வாங்குவாங்களா?”

அவன் மேற்கொண்டு பேசுவதற்குள் டிக்கெட் போட்டுவிட்டாள். வீட்டுச் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

நகரத்தில் அந்தக் கட்டடத்தின் வாசலில் ஆட்டோ நின்றபோது, “இங்கயா?” என்றான் அவள் கணவன்.

“ஏங்க, நல்லாத்தானே இருக்கு?”

சாவியை எடுத்துக் கொடுத்த வாட்ச்மேன் அவனையே உற்றுப் பார்த்தார்.

“சாரை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க” என்று அவன் பெட்டியோடு படியேறிவிட்டான்.

ஃப்ளாட் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சற்று அதிகமாகவே துடைத்திருந்தது. அத்தனை பெரிய ஹாலில் உட்காருவதற்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலிதான்.

“குடும்பம் நடத்துற வீடு மாதிரியே இல்லையேங்க. ஏமாத்துற ஆளுங்களா இருக்குமோ?”

“நான் அப்பவே சொன்னேன்” என்றான் அவன். ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தான்.

மறுநாள் காலை. பெரியவள் தண்ணீர் பாட்டிலோடு தயாராக நின்றாள். சின்னவன் யானையைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுவேன் என்று சபதம் செய்திருந்தான். அப்போது எதிர்வீட்டு அக்காவின் போன் வந்தது.

“ஏம்மா, வீட்டைக் காலி பண்றதா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“யாரு காலி பண்றா?”

“பின்ன இந்த வேன் எதுக்கு? சோபா போயிடுச்சு. இப்ப ஃப்ரிட்ஜைத் தூக்குறாங்க.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “என்னங்க, மோசம் போயிட்டோம்! உடனே போலீசுக்குச் சொல்லுங்க!”

“போலீசெல்லாம் எதுக்கு? போனாப் போகுது, விடு. பொருள்தானே” என்றான் டிரைவர்.

ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் மூன்று நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிற மனுஷன்! பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அவனை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று தானே ஊர் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, அழுதுகொண்டே விலாசம் சொன்னாள்.

திரும்பிப் பார்த்தால் டிரைவர் தன் துணிகளை மட்டும் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

“நான் முன்னாடி போறேன். நீங்க நிதானமா வாங்க.”

தனி ஆளாகத் திருடர்களோடு மல்லுக்கட்டப் போகிறானே என்று அவள் ஓடினாள். கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். “உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க என்ன பண்றது? இன்ஸ்பெக்டர் போன் பண்ற வரைக்கும் நகரக் கூடாது.”

அரை மணியில் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

“வேனை நிறுத்தியாச்சும்மா. சோபா, ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின், சாப்பாட்டு மேஜை. எல்லாம் பத்திரமா இருக்கு.”

“நீங்க நல்லா இருக்கணும் சார்! எல்லாம் எங்க வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது.”

“அதான் தெரியுதே. எல்லாத்துக்கும் பில்லும் இருக்கு.”

“பில்லு எங்க வச்சாருன்னு எனக்கே தெரியாதே சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நாங்க எதையும் கண்டுபிடிக்கலம்மா. அந்த ஃப்ளாட்டுக்காரங்க கையிலயே கொண்டுவந்திருக்காங்க. போன வருஷம் அவங்க அங்க குடிவந்தப்ப வேன்ல ஏத்துனதுல பாதிதான் வந்து சேர்ந்துச்சாம். டிரைவர் வேலையை விட்டே போயிட்டான்னு கம்பெனியும் கையை விரிச்சிடுச்சாம். நீங்க போட்ட படத்துல சோபாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சிருக்கு.”

அவள் மெல்ல டிரைவர் பக்கம் திரும்பினாள். அவன் தோளில் பையோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கீழே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

“நீங்களும் பிள்ளைங்களும் பேசினபடி மிச்ச நாளும் தாராளமா அங்கயே இருக்கலாம்னு அவங்க சொல்றாங்கம்மா, உங்க வீட்டுக்காரர் தங்குறதுக்கு மட்டும் நாங்க தனியா ஏற்பாடு பண்ணியிருக்கோம்.”