முற்றத்து எல்லை

ஆப்பிரிக்கத் தலைவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து போட்ட பொதுத் திட்டத்தால் அந்தக் கண்டம் முழுக்க ஒரே மின்கம்பி ஓடியது. மிஞ்சிய கரண்ட் கடலைத் தாண்டித் திருச்செங்கோடு வரைக்கும் வந்து, செங்கோடன் வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

இணைப்புக் கொடுக்க வந்த மாலி நாட்டு இன்ஜினியர் அமினாத்தா, நம்மூர்த் தமிழை இங்கே வந்து கற்றவள். முற்றத்தின் நடுவில் கண்ணாடிச் சில்லு பதித்து நின்ற சுவரை வாய் பிளந்து பார்த்தாள்.

"எல்லைச் சுவரை நான் மியூசியத்துலதான் பாத்திருக்கேனுங்க. கம்பி இது மேலதான் போகோணும். அந்தப் பக்கத்து அரசாங்கத்துக்கிட்ட அனுமதி கேக்கணுமே, அது எந்த நாடுங்க?"

அவள் கிண்டல் செய்யவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

செங்கோடனுக்குக் காது மடல் சுட்டது. கரண்ட் வராவிட்டால் உள்ளே ஓடாமல் கிடக்கும் தறிகளைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

"நாடெல்லாம் இல்லீங்க. அந்தப் பக்கம் இருக்கறது என்ற தம்பிதான்."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "போர் முடிஞ்சுதுங்களா?"

"போரெல்லாம் இல்லீங்க. ஒரு முருங்கை மரம் யாருக்குன்னுதான்..."

"மரம் எங்கீங்க?"

"அது அப்பவே பட்டுப்போச்சுங்க."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது செங்கோடனுக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்து, "நல்லசிவம்..." என்றான். வருஷக்கணக்கில் கூப்பிடாத பெயர்.

அந்தப் பக்கம் சுவரோரமாகவே பதில் வந்தது.

"கம்பிய இழுத்துக்கச் சொல்லுண்ணா. சத்தமா மட்டும் பேசாதே. அந்தம்மா அவங்க ஊருக்குப் போயி இந்த மரத்துக் கதையச் சொல்லிரப் போவுது."