நூற்றுப் பதின்மூன்றாவது வீடு

கேள்வியை அவர் முழுதாக வாசித்து முடிக்கவில்லை. அதற்குள் கதவடியில் நின்ற பெண் பதிலைச் சொல்லிவிட்டாள்.

“ஓம் எண்டு போடுங்கோ அண்ணை.”

கணேசலிங்கம் முதலாவது கட்டத்தில் புள்ளடி போட்டார். லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு கவுன்சில் தொடர்மாடி. மூன்றாம் மாடி. பட்டியலில் அவர் வெளியே போய்க் கேட்க வேண்டிய கடைசி வீடு அது. நன்றி சொல்ல வாயைத் திறந்தபோது கதவு சாத்தியாயிற்று. உள்ளே சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது.

1995 மாசி மாதம். ஊரில் இயக்கத்துக்கும் இலங்கை அரசாங்கத்துக்கும் சண்டை நின்று ஐந்தாறு கிழமை ஆகியிருந்தது. பேச்சுவார்த்தை சரிவந்தால் தனிநாடு வேணுமா வேண்டாமா என்று சனத்திடமே வாக்கெடுப்பு வைப்பார்களாம் என்று, டூட்டிங் தமிழ்க் கடைகளில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டே ஆட்கள் கதைத்தார்கள். அப்படி ஒன்று வந்தால் லண்டனில் இருக்கிற நம்மவர்களின் எண்ணம் என்ன என்று முன்கூட்டியே அறிந்துவைக்க, இயக்கத்தோடு நெருங்கிய தமிழர் சங்கம் முடிவெடுத்தது. வீட்டுக்கு ஒரு தாள். தாளில் மூன்று கட்டம். ஓம். இல்லை. சொல்ல விருப்பமில்லை.

நான்கு சனி ஞாயிறுகளில் கணேசலிங்கம் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் படி ஏறினார்.

நூற்றுப் பன்னிரண்டும் ஓம்.

சந்தோஷப்பட வேண்டிய கணக்குத்தான். ஆனால் ஒரு வீட்டிலும் அவரை உள்ளே வந்து இருக்கச் சொல்லவில்லை. ஒருவரும் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சனம் இப்படி நடந்து அவர் கண்டதில்லை. ஒரு வீட்டில் செபமாலைமுத்து என்றொருவர், பெயரும் எழுதுவீர்களோ என்று கேட்டார். இல்லை, பெயர் தேவையில்லை என்றதும் அவருடைய முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ, எழுதுங்கோ. ஓம் எண்டு சொன்னது ஆரெண்டு தெரியத்தானே வேணும்.”

கணேசலிங்கம் யாரையும் வெருட்டுகிற ஆள் இல்லை. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. முழங்கால் வருத்தம் வேறு. ஆனால் தொண்ணூற்றொன்றில் இயக்கத்தில் நின்று ஆனையிறவுச் சண்டையில் விழுந்த மகன் குகனின் படம் சங்க மண்டபத்துச் சுவரில் மாலையோடு ஏறிய நாளிலிருந்து, அவர் உள்ளே வந்தால் ஆட்கள் எழும்பி நிற்கத் தொடங்கினார்கள். பிள்ளையைக் கொடுத்தவர் என்றார்கள்.

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். குசினியில் சிவனேஸ்வரி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேசையடியில் அமர்ந்து, மிஞ்சியிருந்த ஒரு தாளை எடுத்து விரித்தார்.

“இஞ்சாரும், எங்கடை வீடும் பட்டியலிலை கிடக்கு.”

பகிடியாகத்தான் தொடங்கினார். ஆனால் வாசிக்க வாசிக்கக் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முப்பது வருஷக் கலியாண வாழ்க்கையில் நாட்டைப் பற்றி அவளிடம் அவர் ஒரு கேள்வி கேட்டதாக ஞாபகம் இல்லை. நான்கு வாரத்தில் முதல் தடவையாகக் கேள்வியைக் கடைசிச் சொல் வரைக்கும் வாசிக்க முடிந்தது.

கத்தி நிற்கவில்லை.

“ஓம் எண்டு போடுங்கோ.”

கதவடிகளில் கேட்ட அதே குரல். அதே அவசரம். கணேசலிங்கம் பேனையை மேசையில் வைத்தார்.

“அது சனம் சொல்லுற பதில். நான் உம்மடை மனசிலை கிடக்கிறதைக் கேக்கிறன்.”

அவள் வெட்டியதை அள்ளிச் சட்டிக்குள் போட்டாள். கையைக் கழுவினாள். துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தாள்.

“என்ரை மனசிலை இருந்ததைத் தொண்ணூறாம் ஆண்டு சொன்னனான். அண்டைக்கு நீங்கள் எழுதேல்லை.”

சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். படுக்கையறைக் கதவு சத்தமில்லாமல் மூடியது.

அவருக்கு விளங்கியது. அதுவும் ஒரு மாசி மாதம். ஊரிலிருந்து மகனின் நீல வான்கடிதம் ஒன்று வந்தது. குகனுக்கு அப்போது பதினேழு வயது. யாழ்ப்பாணத்தில் சிவனேஸ்வரியின் தங்கை வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தான். அப்பா, என்னை அங்கே கூப்பிடுங்கோ, எனக்கு இயக்கத்திலை சேந்து சண்டைக்குப் போக விருப்பமில்லை என்று எழுதியிருந்தான்.

மூன்று நாள் அவள் அவருடைய காலடியில் இருந்து கெஞ்சினாள். இண்டைக்கே எழுதுங்கோ, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரனோடு கதையுங்கோ, என்ரை தாலியை வித்தெண்டாலும் பிள்ளையை எடுப்பியுங்கோ என்றாள். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் அங்கே நிற்க எங்கள் பிள்ளை மட்டும் ஓடி வந்தால் சங்கத்தில் நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று அவர் கேட்டார். பதில் கடிதம் போகவே இல்லை.

கணேசலிங்கம் பேனையை எடுத்து முதலாவது கட்டத்தில் புள்ளடி போட்டார். தாளை மற்றத் தாள்களோடு சேர்த்துக் கட்டினார்.

அந்த வான்கடிதத்தை அவள் எங்கே வைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. அதன் கடைசி வரி மட்டும் மனப்பாடம்.

‘இஞ்சை வந்து கேக்கிறவைக்கு நான் ஓம் எண்டுதான் சொல்லிக்கொண்டு இருக்கிறன், அப்பா. கெதியாக் கூப்பிடுங்கோ.’