மூன்றாவது காலிங் பெல்

எலக்ட்ரீஷியன் இன்றும் பெல் அடிக்காமலேயே வீட்டுக்குள் வந்திருந்தான்.

ரிஜெக்ட் சார் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால், அவன் சமையலறை வாசலில் நிற்கிறான், கையில் டீ தம்ளரோடு. எதிரே அவருடைய மனைவி மெல்லிய குரலில் என்னவோ சொல்ல, அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அவர் செய்தித்தாளை மடக்கி வைத்தார். நாற்பது வருடம் தொழிற்சாலையில் பழுதான பாகங்களைப் பொறுக்கி ஒதுக்கியே 'ரிஜெக்ட் சார்' என்று பேர் வாங்கியவர். அவர் கண்ணிலேயே மண்ணைத் தூவப் பார்க்கிறார்களா?

புது பெல்லை மாட்டிவிட்டு அவன் போனதும் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "பெல் அடிக்காம உள்ள வர்ற அளவுக்கு அவனுக்கு இங்க என்ன உரிமை?"

"அது கிடக்கட்டும். நாளன்னிக்கு டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடலாமா?"

"பேச்சை மாத்தாதே!"

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பெல்லில்தான் ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், மனைவி வெளியே போயிருந்த நேரம், ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்த மருந்துக்கடை ஆள் யாரும் கதவைத் திறக்கவில்லை என்று திரும்பிப் போய்விட்டான். பெல் கெட்டுப்போனது இவருக்கு எப்படித் தெரியும்? மூன்று நாள் மாத்திரை இல்லாமல் தலைசுற்றி, குளியலறையில் வழுக்கி விழுந்து, முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

முழங்கால் வீங்கியதால் மாடி ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க முடியவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தொட்டி நிரம்பி, ஜன்னலோரம் கொட்டி, சுவரில் இறங்கி, சுவிட்ச் பெட்டிக்குள் புகுந்து, கடைசியில் வீட்டில் கரண்டே இல்லாமல் போயிற்று.

அன்று முதல் எலக்ட்ரீஷியன் வராத வாரம் கிடையாது. ஒன்றைச் சரிசெய்கிற சாக்கில் இன்னொன்றைக் கெடுத்து வைத்துவிட்டுப் போகிறான், சந்தேகமே இல்லை. பெல்லை மட்டும் இதற்குமுன் இரண்டு தடவை மாற்றினான், இரண்டும் ஊமை. கேட்டால், "நல்லாத்தானே இருக்கு" என்று மனைவி அவனுக்குப் பரிந்துகொண்டு வருகிறாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் சமையலறையில் இருந்தபடியே ஒரு நாளைக்கு நூறு 'என்னங்க' போடுவாள். இப்போது ஒன்றுகூடக் கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து தோளைத் தட்டுகிறாள், பஸ்ஸில் யாரோ நகரச் சொல்வது மாதிரி. அந்த நூறு 'என்னங்க'வும் இப்போது யாருக்குப் போகிறது?

மறுநாள் பத்து மணிக்கு ஈரச் சுவரில் ஒயர் மாற்ற அவன் வருவதாக ஏற்பாடு. ரிஜெக்ட் சார் ஒன்பதரைக்கே நாற்காலியை வாசல் கதவை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காலடியில் ஒரு பெட்டி, அதில் நாலு சட்டை. இன்றும் அவன் பெல் அடிக்காமல் வந்தால் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது, திரும்பி வருவதில்லை.

பத்து அடித்தது சுவர்க் கடிகார முள்ளில் தெரிந்தது. பெல் இல்லை, கதவு தட்டுகிற சத்தமும் இல்லை. ஆனால் மனைவி மட்டும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, நேராக வாசலைப் பார்த்து வருகிறாள்! அவன் வந்து நிற்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது?

முழங்கால் வலியையும் மறந்து எழுந்து, கதவைப் படாரென்று திறந்தார். அவன்தான். ஒரு கையில் கருவிப் பை, மறு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, சொந்த வீட்டு வாசல் மாதிரி சாவகாசமாக நின்றான். மனைவி அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து 'அப்படியே இருங்க' என்று அவனுக்குச் சைகை காட்டியதையும் அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

"என் முன்னாலயே சைகையா? இத்தனை வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினதுக்கு இதுதான் மரியாதையா?" என்று கத்தினார்.

எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டாள். பொத்தமாட்டாளா பின்னே? இந்த வயதில் இப்படியொரு அசிங்கத்தை யாரால் காது கொடுத்துக் கேட்க முடியும்?

மனைவியின் கண்கள் கலங்கியிருந்தன. அது அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது பெல் அடிச்சிட்டு வந்திருக்கியாடா நீ?"

அவன் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, அடித்தொண்டையிலிருந்து கத்திச் சொன்னான்.

"சார், பெல்லுலேர்ந்து நான் இன்னும் கையையே எடுக்கலை!"