பளபளக்க ஆசைப்பட்ட வாசல்

கருங்கல் மாதிரி அச்சுப் பதித்த சிமெண்ட் வாசல் ஒன்று, தான் சிமெண்ட் என்பதையே மறந்துபோயிருந்தது. அதற்குச் சீலர் என்ற காப்புப் பூச்சைப் பூச, பெயிண்ட் ரோலர் வந்தது.

"மழை விழுற இடம். பளபளப்பு இல்லாத சீலரே போதும், தம்பி," என்றது ரோலர்.

"தெருவே நின்னு பார்க்கணும், அண்ணே! பளபளக்கிறதையே பூசுங்க. ரெண்டு கோட்டுக்கு மூணா அடிங்க!"

முதல் தூறலிலேயே வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு வழுக்கி விழுந்தார். தெருவே ஓடி வந்து நின்று பார்த்தது, அவருடைய இடுப்பை. மறுநாள் வாசல் முழுக்கக் கோணி விரித்துவிட்டார்கள்.

மொட்டைமாடிக்குப் பூச வந்த ரோலர், "எப்படி இருக்கே, தம்பி?" என்று கேட்டது.

கோணிக்கு அடியிலிருந்து வாசல் சொன்னது: "இன்னும் பளபளன்னுதான் இருக்கேன், அண்ணே. சந்தேகம்னா கோணியைக் கேட்டுப் பாருங்க."